பனிக்கண்டமும் நுங்கம்பாக்கமும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல "டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே படியுங்கள். ஆனால் கடைசிவரை படியுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கான செய்தி ஒன்று கடைசியில் இருக்கிறது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, "தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ" என்பதுதான். அதனால் துருவங்களைப் பற்றிய இந்தக் கதையை நான் நுங்கம்பாக்கத்தில் தொடங்குகிறேன்.

கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறது அல்லவா? புயல் வந்தால் டிவிக்காரர்கள் எல்லாரும் மைக்கோடு போய் நிற்கிற இடம். அந்த வளாகத்துக்குள் பெரிய கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய சென்னை வானாய்வகத்தில் தொலைநோக்கியைத் தாங்கிக்கொண்டிருந்த தூண் அது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். நட்சத்திரம் பார்த்த இடம் என்று பலருக்குத் தெரியும். அந்த வானாய்வகத்தோடு சேர்ந்து 1840-களில் இங்கே ஒரு காந்த ஆய்வகமும் நடந்தது. நம் கதைக்கு அதுதான் முக்கியம்.

காந்தத்துக்கும் துருவத்துக்கும் என்ன தொடர்பு? திசைகாட்டியின் முள் வடக்கு நோக்கி நிற்கும் என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் அது சரியாக வடக்கே நிற்பதில்லை. ஊருக்கு ஊர் கொஞ்சம் விலகும், வருடத்துக்கு வருடம் மாறும், சில நாட்களில் காரணமே தெரியாமல் துடிக்கும். கப்பல் ஓட்டிப் பிழைத்த நாடுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பூமியின் காந்த முனைகள் இரண்டும் துருவப் பகுதிகளில் இருப்பதால், அங்கே போய்ப் பார்க்காமல் விடை கிடைக்காது.

1839-இல் பிரிட்டன் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற கடற்படை அதிகாரியை இரண்டு கப்பல்களோடு தெற்கே அனுப்பியது. எரிபஸ், டெரர் என்பவை அந்தக் கப்பல்களின் பெயர்கள். நான்கு வருடம் சுற்றினார்கள். இன்று ராஸ் கடல் என்று வரைபடத்தில் பார்க்கிறோமே, அது அவர் பெயர்தான்.

ஆனால் ஒரு கப்பல் ஒரு இடத்தில் அளந்தால் போதுமா? முள் துடித்தது அந்த இடத்தின் கோளாறா, பூமி முழுவதும் துடித்ததா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரே வழி, உலகின் பல மூலைகளில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரிக் கருவியோடு, ஒரே முறையில் அளப்பது. ஜெர்மனியில் ஹம்போல்ட், கௌஸ், வெபர் என்ற அறிஞர்கள் இந்த யோசனையை ஏற்கெனவே நடைமுறையில் காட்டியிருந்தார்கள். பிரிட்டன் அதைப் பெரிதாக்கியது. டொரொன்டோ, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை, ஹோபார்ட் ஆகிய இடங்களில் ஆய்வகங்கள் எழுந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பில் சிம்லா, பம்பாய், சிங்கப்பூர், சென்னை ஆகிய இடங்களும் சேர்ந்தன.

குறிப்பிட்ட சில நாட்களில் எல்லா இடங்களிலும் 24 மணி நேரமும் விடாமல், சில நிமிடங்களுக்கு ஒரு முறை முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். எந்த ஊர் நேரப்படி? கௌஸ் இருந்த கோட்டிங்கன் நகரத்து நேரப்படி. கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டிங்கன் கிட்டத்தட்ட 10 பாகை கிழக்கு, சென்னை 80 பாகை கிழக்கு. ஒரு பாகைக்கு 4 நிமிடம். அங்கே இரவு 10 மணி என்றால் இங்கே அதிகாலை 2.40. அந்த வேளையில் நுங்கம்பாக்கத்தில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதினால்தான், உலகத்தின் மறுபக்கத்தில் எழுதியவரின் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.

இந்த வேலைக்குப் பலன் கிடைத்தது. பல ஆய்வகங்களின் பதிவுகளை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்த எட்வர்ட் சபைன், 1852-இல் டொரொன்டோ, ஹோபார்ட் எண்களை வைத்து ஒன்றைக் காட்டினார். சூரியனில் கரும்புள்ளிகள் கூடும் வருடங்களில் பூமியில் காந்தக் கலக்கமும் கூடுகிறது என்றார். சூரியனில் நடப்பது நம் வீட்டுத் திசைகாட்டியை ஆட்டுகிறது என்று மனிதனுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

சென்னையின் 1846 முதல் 1850 வரையிலான பதிவுகள் புத்தகமாக அச்சாயின. முகப்பில் கண்காணிப்பாளர் ஜேக்கப் என்பவரின் பெயர் இருக்கிறது. ராத்திரி கண் விழித்து எழுதியவர்களின் பெயர்கள் முகப்புக்கு வரவில்லை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டு உதாரணம் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். இலை போட, தண்ணீர் வைக்க, பரிமாற நம்மைக் கூப்பிடுவார்கள். லக்னப் பத்திரிகை எழுதும்போது கூப்பிட மாட்டார்கள். துருவ ஆராய்ச்சியில் நம் ஊர் ரொம்ப காலம் இலை போட்ட ஊர்.

அடுத்த கட்டத்துக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் துருவப் பயணம் என்றாலே போட்டி. யார் இன்னும் ஒரு பாகை வடக்கே போனார், யார் கொடி நட்டார் என்பதுதான் பேச்சு. அந்தப் போட்டியில் இருந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரி கார்ல் வைப்ரெக்ட். 1872-இல் புறப்பட்ட அவருடைய கப்பல் பனியில் சிக்கியது. கப்பலைக் கைவிட்டுப் பனிமேல் நடந்தும் படகில் சென்றும் 1874-இல் மீண்டார்கள். ஒரு புதிய தீவுக்கூட்டத்தையே கண்டுபிடித்திருந்தார்கள். ஊரே கொண்டாடியது.

அந்த மனிதர் 1875-இல் என்ன சொன்னார் தெரியுமா? இந்தத் தனித்தனிப் பயணங்களால் அறிவியலுக்குப் பெரிய லாபம் இல்லை. நாடுகள் சேர்ந்து துருவத்தைச் சுற்றி நிலையங்கள் அமைத்து, ஒரு வருடம் முழுக்க ஒரே முறையில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்றார். வெற்றி ஊர்வலத்தில் வந்தவரே பந்தயத்தை நிறுத்தச் சொன்னார். நான் வகுப்பில் பாடம் நடத்திய காலத்தில் இவர் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. துருவத்தை முதலில் தொட்டவர்களின் பெயர்கள்தான் இருக்கும்.

இதற்காக 1879-இல் ஹாம்பர்க், 1880-இல் பெர்ன், 1881-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று கூட்டம் மேல் கூட்டம் நடந்தது. எந்தக் கருவி, எந்த அளவை, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று எல்லாம் பேசி முடித்தார்கள். 1881 மார்ச்சில், திட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, வைப்ரெக்ட் காலமானார். அவர் கனவு கண்ட முதல் சர்வதேச துருவ ஆண்டு 1882-83-இல் நடந்தது. ஆர்க்டிக்கில் 12 நிலையங்கள், தெற்கே 2 நிலையங்கள்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. கிரீலி என்பவர் தலைமையில் போன அமெரிக்கக் குழுவுக்குக் கப்பல் வந்து சேரவில்லை. 25 பேர் போனார்கள். பசியிலும் குளிரிலும் மடிந்தது போக வீடு திரும்பியவர்கள் 6 பேர். அந்த நிலையிலும் அவர்கள் அளந்து எழுதிய குறிப்புகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் அந்த எண்கள் இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன.

ஐம்பது வருடம் கழித்து 1932-33-இல் இரண்டாம் துருவ ஆண்டு. உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம். அப்படியும் 40-க்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. அதன் பிறகு உலகப் போர் வந்து எல்லாவற்றையும் கலைத்தது.

1950 ஏப்ரல் 5. அமெரிக்காவில் ஜேம்ஸ் வான் ஆலன் என்ற விஞ்ஞானி வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. சாப்பிட வந்தவர்களில் ஒருவர் லாய்ட் பெர்க்னர். இளவயதில் அன்டார்டிகா போய் ரேடியோ இயக்கியவர். இன்னொரு 50 வருடம் ஏன் காத்திருக்க வேண்டும், 25 வருடத்திலேயே அடுத்த துருவ ஆண்டை நடத்தலாமே என்றார். இங்கிலாந்தின் சிட்னி சாப்மன் பிடித்துக்கொண்டார். பேசப் பேசத் திட்டம் வளர்ந்து, துருவம் மட்டுமல்ல, பூமி முழுவதும் என்று ஆனது. 1957 ஜூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரை 18 மாதங்கள். அதற்கு சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு என்று பெயர் வைத்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டுமே இதில் இருந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. சேரும் தகவல்களை ஒரே இடத்தில் வைக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு மையம், சோவியத் யூனியனில் ஒரு மையம், மேற்கு ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றில் மற்றவை என்று பிரித்தார்கள். எந்த நாட்டு விஞ்ஞானியும் கேட்டு வாங்கலாம். ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தாலும் இன்னொரு வீட்டில் நகல் இருக்கும். சண்டை வரக்கூடும் என்று தெரிந்தே போட்ட திட்டம் அது.

நம் நாட்டின் பங்கேற்பை டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து கே.எஸ். கிருஷ்ணனும் ஏ.பி. மித்ராவும் முன்னின்று நடத்தினார்கள். கிருஷ்ணன் நம் வத்திராயிருப்புக்காரர். ராமனோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர். சரி, துருவத்தை ஆராய வத்திராயிருப்புக்காரர் எதற்கு என்று கேட்பீர்கள். பூமிக்குக் காந்த முனை இருப்பதுபோலக் காந்த நடுக்கோடும் உண்டு. அது நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல ஓடுகிறது. துருவத்தில் சூரியப் புயல் அடித்தால் இங்கேயும் அதன் சாயல் தெரியும். இரண்டு முனையையும் நடுவையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமை. அதற்காகவே 1957-இல் அண்ணாமலை நகரிலும் திருவனந்தபுரத்திலும் காந்த ஆய்வகங்கள் தொடங்கின. கொடைக்கானலில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருந்தது. இதே காந்த நடுக்கோட்டை வைத்துத்தான் 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வந்தது.

ஆனால் அன்டார்டிகாவிலேயே நிலையம் வைத்தவை 12 நாடுகள். அவற்றில் இந்தியா இல்லை.

அப்போது நம் நாடு சும்மா இருக்கவில்லை. 1956 பிப்ரவரியில் ஐ.நா.வில் நம் பிரதிநிதி ஆர்தர் லால், அன்டார்டிகா பிரச்சினையைப் பொதுச்சபையில் விவாதிக்க வேண்டும் என்று கேட்டார். அந்தக் கண்டம் அமைதிக்கும் எல்லா மக்களின் நலனுக்கும் பயன்பட வேண்டும், அணுகுண்டுச் சோதனைக்கு இடமாகிவிடக் கூடாது என்பது நம் வாதம். அங்கே நிலத்துக்கு உரிமை கொண்டாடிய நாடுகள் எதிர்த்தன. கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. 1958-இல் மறுபடி முயன்றார்கள். மறுபடியும் நடக்கவில்லை.

1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் அந்த 12 நாடுகள் மட்டும் உட்கார்ந்து அன்டார்டிக் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. நல்ல உடன்படிக்கைதான், அதில் சந்தேகமில்லை. ராணுவத் தளம் கூடாது, அணுச் சோதனை கூடாது, ஆராய்ச்சி எல்லாருக்கும் திறந்திருக்கும், முடிவுகளைப் பகிர வேண்டும், நில உரிமைச் சண்டைகளை அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். நாம் கேட்டவற்றில் பலவும் அதில் இருந்தன. கேட்ட நாம்தான் உள்ளே இல்லை. தன் நாட்டுக் கறுப்பின மக்களை ஒடுக்கிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்க அரசுக்கு அங்கே இடம் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போக வழி என்ன? உடன்படிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். முடிவெடுக்கும் உரிமை வேண்டுமானால், அங்கே போய் நிலையம் அமைத்தோ, ஆய்வுக் குழு அனுப்பியோ, கணிசமான ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டும். அதாவது, நுழைவுச் சீட்டு ஆராய்ச்சிதான். பணக்கார நாடுகளுக்கு அது எளிது. நமக்கு 22 வருடம் ஆயிற்று.

1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து போலார் சர்க்கிள் என்ற நார்வே கப்பல் புறப்பட்டது. கடலியல் அறிஞர் காசிம் தலைமையில் 21 பேர். போய்ச் சேரும்வரை ரகசியம். 1982 ஜனவரி 9 அன்று அன்டார்டிகாவில் இறங்கினார்கள். அடுத்த வருடமே இரண்டாவது குழு. 1983 ஆகஸ்ட் 19 அன்று இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. செப்டம்பர் 12 அன்று முடிவெடுக்கும் உரிமையும் கிடைத்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1956-இல் திறக்காத கதவு எவ்வளவு சீக்கிரம் திறந்தது பாருங்கள்! கையில் ஆராய்ச்சி இருந்ததுதான் காரணம்.

மூன்றாவது பயணத்தில் சுதிப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் போனார்கள். அந்தப் பயணத்தில்தான் தட்சிண கங்கோத்ரி நிலையம் எழுந்தது. அது பனியில் புதைந்துபோக, 1989-இல் மைத்ரி, 2012-இல் பாரதி. இஸ்ரோவைச் சேர்ந்த மங்களா மணி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, பாரதியில் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தங்கி வேலை பார்த்தார். "எனக்கு வயசாயிடுச்சு டீச்சர்" என்று என்னிடமே சொல்லும் என் பழைய மாணவிகள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

இப்போது நம் பக்கத்துக்கு வாருங்கள். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் வழியில் பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1993-இல் தொடங்கியது. அடையாரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்ட் தீவில் இந்தியாவுக்கு ஹிமாத்ரி என்ற நிலையம் 2008-இல் வந்தது. நான்காம் சர்வதேச துருவ ஆண்டு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதையொட்டிய கடல்கால்வாயில், 2014 ஜூலை 23 அன்று, 192 மீட்டர் ஆழத்தில் ஒரு கருவித் தொகுதியை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். இண்டார்க் என்று பெயர். கடலின் வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாவற்றையும் அது குளிர்காலத்திலும் பதிவு செய்யும். அதை உருவாக்கியதில் நம் பள்ளிக்கரணைப் பொறியாளர்களுக்குப் பெரிய பங்கு. கடலில் இறக்கக் கப்பல் கொடுத்தது நார்வே. ஒருவர் கருவி, ஒருவர் கப்பல், தகவல் இருவருக்கும். வைப்ரெக்ட் கேட்டது இதைத்தானே!

நமக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு எண் சொல்கிறேன். அன்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். பயப்படாதீர்கள், அது நம் காலத்திலோ பேரப்பிள்ளைகள் காலத்திலோ நடக்கப்போவதில்லை. ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு உருகினாலே அரை மீட்டருக்கு மேல். பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் கடலை ஒட்டி வீடு கட்டியிருப்பவர்களுக்கு அரை மீட்டர் என்பது பாடப்புத்தகக் கணக்கு இல்லை. எவ்வளவு வேகமாக உருகுகிறது என்று சொல்ல வேண்டுமானால், எல்லா நாடுகளும் விடாமல் அளந்து, அளந்ததை மறைக்காமல் கொடுக்க வேண்டும்.

அது தானாக நடந்துவிடாது. 1957-இல் தைவான் விவகாரத்தால் சீனா கடைசி நேரத்தில் விலகியது. 2022-இல் உக்ரைன் போருக்குப் பிறகு ஆர்க்டிக் கவுன்சிலில் ரஷ்யாவோடு சேர்ந்து நடந்த வேலைகள் நின்றன. ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. பாதி நோட்டு காணாமல் போனால் கணக்கை எப்படிக் கூட்டுவது?

இப்போது நான் முதலில் சொன்ன செய்தி. ஐந்தாம் சர்வதேச துருவ ஆண்டு 2032-33-இல் நடக்கவிருக்கிறது. அதற்கான திட்டமிடல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. எதை அளப்பது, எங்கே அளப்பது, யார் யாரோடு சேர்வது என்பதெல்லாம் இந்தச் சில வருடங்களில் முடிவாகும். லக்னப் பத்திரிகை எழுதும் நேரம் இதுதான். 1840-களில் நம்மைக் கேட்கவில்லை. 1956-இல் நாம் கேட்டும் தரவில்லை. இன்று அப்படி இல்லை. உடன்படிக்கை நாடுகளின் கூட்டம் 2007-இல் டெல்லியிலும் 2024-இல் கொச்சியிலும் நடந்தது. நாமே விருந்து வைக்கிற நிலைக்கு வந்திருக்கிறோம்.

ஆகவே, ஐ.ஐ.டி.யிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் பள்ளிக்கரணையிலும் இஸ்ரோவிலும் இருக்கிற என் மாணவர்களே, உங்கள் துறையில் இதற்கான பேச்சு வந்தால் "எனக்கு எதற்கு" என்று ஒதுங்காதீர்கள். போய் உட்காருங்கள், கை தூக்கிக் கேள்வி கேளுங்கள். வகுப்பில் தூக்காதவர்கள் இப்போதாவது தூக்குங்கள்.

பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தை 2032-இல் கல்லூரி வாசலில் நிற்கும். வீட்டு மாடியில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் ஊகித்து எழுதக் கூடாது, கோடு போட்டு விட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் குழந்தையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மயிலாப்பூர்